வீட்டிற் பொருத்திய கணினியும் அதன் பிணிகளும்

வைத்தியரிடம் வரும் நோயாளி தனக்கு எங்கே வலிக்கின்றது என்று சொல்ல வல்லவன். கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. அழ மட்டுமே தெரியும். இயங்க மறுத்துவிட்ட கணினியோ பெரும்பாலும் அழவும் அறியாது. நேற்றுவரை ஒளிர்ந்த திரை இன்று கறுத்துக் கிடக்கின்றது என்பதே அது தெரிவிக்கும் ஒரே செய்தி. அந்தச் செய்தியைக் கொண்டு பிணியின் இருப்பிடத்தைக் கண்டறிவது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படும் பொருளாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கணினியைத் தாமே பொருத்திக்கொள்ளும் இளைஞர் உளர். உறுப்புக்களைத் தனித்தனியே வாங்குவதில் ஒரு வசதி உண்டு. கையிற் பணம் சேருந்தோறும் ஒவ்வொன்றாக வாங்கலாம். பின்னர் ஒன்று கெட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். நகரத்துக் கடைகளில் இல்லாதவற்றை ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கொழும்பிலிருந்து தருவிப்பர். இவ்வுறுப்புக்கள் யாவும் பிறநாட்டிலிருந்து வருவன. அவற்றின் விலை டொலரை ஒட்டியே ஏறும், இறங்கும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர் சில மாதங்களுக்குள் 350 ரூபாவையும் கடந்தபோது, ஒரு மாணவனின் வீட்டார் ஒரு தாய்ப்பலகைக்குக் கொடுக்கவேண்டிய பணம் எவ்வளவு உயர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஆகவே, பிணியை அறியாது ஊகித்து, கெடாத உறுப்பைக் கழற்றி எறிந்து புதியதை வாங்குதல் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை வீணாக்குவதாகும். உண்மையிற் கணினியின் பழுதைவிட ஊகமே பெரும்பாலும் அதிகச் செலவை உண்டாக்குகின்றது.

பிணி தேடும் இக்கலை குடாநாட்டுக்குப் புதியதன்று. 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் இங்கு மின்சாரம் வருவது நின்றது. பல ஆண்டுகள் வரவில்லை. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. அக்காலத்தில் மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்னைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம்; வானொலிக்கு வேண்டியதோ ஒரு திசையில் ஓடும் நேரோட்டம். இடையில் ஓர் இருவாயியை இணைத்து அதனைத் திருத்திக் கொடுத்தனர். ஒலி மங்கினால், வானொலியைத் திறந்து பார்க்குமுன், சில்லு போதிய வேகத்திற் சுழல்கின்றதா, டைனமோவின் தலை ரயரோடு ஒட்டியிருக்கின்றதா, கம்பி அறாதிருக்கின்றதா என்று பார்த்தனர். மின் வரும் வழியை முதலில் ஆராய்க, கருவியைப் பின்னர் ஆராய்க என்னும் விதியை எந்த நூலும் கற்பிக்காமலே அவர்கள் கைக்கொண்டனர். அதே விதிதான் கணினிக்கும் உரியது.

கணினிப் பெட்டியினுள் இருப்பவை எண்ணிக்கையிற் சிலவே. சுவரிலிருந்து வரும் 230 வோல்ற்று ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றிக் கொடுப்பது மின்வலு வழங்கி; கடைகளிற் பவர் சப்ளை என்பர். ஏனைய உறுப்புக்களைத் தாங்கி ஒன்றோடொன்று இணைப்பது தாய்ப்பலகை. கணிக்கும் வேலையைச் செய்வது செயலி. செயலி கையாளும் தரவை அப்போதைக்கு ஏந்தியிருப்பது நினைவகம். றாம் என்பதே உலக வழக்கு. மின் நின்றாலும் அழியாது காத்து வைப்பது வன்தட்டு; அதன் இடத்தை இப்பொழுது சுழலும் பகுதி எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. பெரிதும் பிடித்துள்ளது. படத்தைத் திரைக்கு அனுப்புவது காட்சி அட்டை. செயலி சிலவற்றில் இப்பணி உள்ளேயே அடங்கியிருக்கும். 1995 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுமுறையைப் பலரும் ஏற்றுக்கொண்டமையால், வெவ்வேறு நிறுவனங்கள் செய்த பலகையும் பெட்டியும் மின்வலு வழங்கியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பிணி தேடுவோனுக்கு இது பெருந்துணை. நன்றாக இயங்கும் நண்பனின் மின்வலு வழங்கியை ஒரு நாழிகை இரவல் வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பார்க்க அவனால் இயலும்.

பெட்டியைத் திறக்குமுன் அறியவேண்டியது ஒன்றுண்டு. கையை உள்ளே இடுவதற்கு முன் ஆளியை அணைத்தால் மட்டும் போதாது. சுவர்க் குதையிலிருந்து செருகியையும் கழற்றிவிடல் வேண்டும். தாய்ப்பலகையில் ஓடுவது குறைந்த வோல்ற்றளவே. ஆயின் மின்வலு வழங்கியின் உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவிகள் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின்னைத் தேக்கி வைத்திருப்பன. செருகியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் அது உள்ளே நிற்கும். அந்தத் தகரப் பெட்டியைப் பயிற்சியில்லாதவர் திறத்தல் ஆகாது. அது கெட்டதெனத் தெரிந்தால் முழுவதாக மாற்றுவதே முறை. மேலும், மனித உடலிற் சேரும் நிலைமின் நுண்ணிய உறுப்புக்களைக் கெடுக்குமாதலின், பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உறுப்புக்களைத் தொடல் வேண்டும்.

இனிக் கணினி காட்டும் குறிகளை நான்காக வகுக்கலாம்.

முதலாவது, பொத்தானை அழுத்தியும் யாதோர் அசைவும் இல்லாமை. இங்குச் சுவரிலிருந்தே தொடங்கல் வேண்டும். அதே குதையில் ஒரு மேசை விளக்கைச் செருகினால் எரிகின்றதா? யூ.பி.எஸ். கருவி இடையில் இருந்தால், அதனை விலக்கி நேரே செருகினால் என்ன நிகழ்கின்றது? மின்வலு வழங்கியின் பின்புறத்தில் ஒரு சிற்றாளி உண்டு. தூசு துடைக்கும்போது கைபட்டு அது அணைந்திருக்கலாம். முன்புறப் பொத்தானிலிருந்து தாய்ப்பலகைக்குச் செல்லும் இரு மெல்லிய கம்பிகள் கழன்றிருக்கலாம். பொத்தானை அழுத்தியவுடன் விசிறி ஒரு கணம் அசைந்து நின்றுவிடுமாயின் அது வேறு குறி. எங்கோ குறுஞ்சுற்று ஏற்பட, மின்வலு வழங்கி தன்னைத் தானே காத்துக்கொள்கின்றது என்பது அதன் பொருள். புதிதாகப் பொருத்திய பெட்டிகளில் இதற்குப் பெருங் காரணம் தாய்ப்பலகையின் கீழுள்ள பித்தளைத் தாங்கிகள். வேண்டாத இடத்தில் ஒரு தாங்கி இருந்தால், அது பலகையின் அடிப்புறத்தை முட்டிக் குறுஞ்சுற்றை உண்டாக்கும்.

இரண்டாவது, விசிறி சுழன்றும் திரையிற் படம் தோன்றாமை. காட்சி அட்டை தனியே இருக்கும் கணினியில், திரையின் வடத்தை அதிற் செருகாமல் தாய்ப்பலகையின் துளையிற் செருகிவிட்டு மணிக்கணக்கில் மயங்குவோர் உண்டு. பலகையின் மேல் ஓரத்தில் நான்கு அல்லது எட்டு ஊசிகொண்ட ஒரு செருகி செயலிக்கெனத் தனியே 12 வோல்ற்றைக் கொண்டு செல்வது. புதிதாகப் பொருத்துவோர் இதனை மறப்பதும் உண்டு. இவை சரியாயின், கணினி தரும் குறிப்பைக் கவனித்தல் வேண்டும். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினி, மின் வந்தவுடன் தன் உறுப்புக்களைத் தானே சோதித்து, எல்லாம் நலமெனில் ஒருமுறை சிறிதாக ஒலிக்கும். பழுதிருப்பின் வேறு வகையாக ஒலிக்கும். அம்மரபு இன்றும் தொடர்கின்றது. ஒலிகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுமாதலின் பலகையோடு வந்த கைந்நூலைப் பார்த்தே அறிதல் வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத புதிய பலகைகள் பலவற்றில் செயலி, நினைவகம், காட்சி அட்டை, தொடக்கத் தட்டு ஆகிய நான்குக்கும் நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எந்த விளக்கு அணையாது நிற்கின்றதோ அங்கேதான் சோதனை தடைப்பட்டுள்ளது.

குறிப்பு எதுவும் கிடையாதபோது செய்யத்தக்கது, பெட்டியைக் குறைந்தபட்ச நிலைக்குக் கொண்டுவருதலாகும். தாய்ப்பலகை, குளிர்விப்பானோடு கூடிய செயலி, ஒரே ஒரு நினைவகத் துண்டு, மின்வலு வழங்கி ஆகிய நான்கை மட்டும் விட்டு ஏனையவற்றைக் கழற்றிவிடல் வேண்டும். செயலியிற் காட்சிப் பணி அடங்காதிருந்தாற் காட்சி அட்டையையும் விட்டுவைக்கலாம். இந்நிலையிற் கணினி விழித்துக்கொண்டால், கழற்றியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் இயக்கிப் பார்க்கவேண்டும். எதைச் சேர்த்தபோது அது மீண்டும் உறங்கிற்றோ, பழுது அதனிடத்தோ அதன் இணைப்பிடத்தோ இருக்கின்றது. ஒரு வேளையில் ஒரே மாற்றம் என்பதே இங்குத் தலையாய விதி. இரண்டை ஒருங்கே மாற்றினால், கணினி இயங்கினாலும் எதனால் இயங்கியது என்பது தெரியாமற் போகும்.

மூன்றாவது, நன்றாக இயங்கிக்கொண்டிருந்து திடீரென நிற்றல். இதுவே மிகவும் சோதிக்கும் பிணி. பார்க்க வருவோர் முன்னிலையில் அது தோன்றாது. இங்குக் கடிகாரமும் ஒரு கொப்பியும் போதிய கருவிகள். எத்தனை நிமிடத்திற்குப் பின் நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது என்று ஒவ்வொரு முறையும் எழுதிவைக்கவேண்டும். ஏறத்தாழ ஒரே கால இடைவெளியில் நிற்குமாயின் வெப்பத்தை ஐயுறலாம். செயலியின் வெப்பநிலை 100 பாகை செல்சியசை அணுகும்போது அது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனாலும் ஆறாவிடிற் கணினியை நிறுத்திவிடும். விசிறியின் இடுக்கில் அடைந்த தூசும், செயலிக்கும் குளிர்விப்பானுக்கும் இடையே பூசிய களிம்பு காய்ந்துபோதலும் இதற்குக் காரணங்கள். விளையாட்டு, படத்தொகுப்பு முதலிய பாரமான வேலை தொடங்கும் கணத்தில் நிற்குமாயின் மின்வலு வழங்கியை ஐயுறலாம். அதன் 12 வோல்ற்று வழி நூற்றுக்கு ஐந்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது; பல்மானியால் அளந்தால் 11.4 க்கும் 12.6 க்கும் இடையில் நிற்கவேண்டும். எந்த ஒழுங்குமின்றி, நினைத்தபோதெல்லாம் நிற்குமாயின் நினைவகத்தை ஐயுறலாம். அதனைச் சோதிப்பதற்கென்றே மென்பொருள்கள் உள. ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையிற் பார்த்தால் விடை கிடைக்கும்.

வெப்பமும் குளிர்ச்சியும் மாறி மாறி வருதல் இணைப்புக்களுக்குப் பகை என்பதைக் கணினியின் ஆதிகாலத்தார் நன்கு அறிந்திருந்தனர். 1946 இல் அமெரிக்காவிற் பொதுமக்களுக்குக் காட்டப்பட்ட எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அவை பெரும்பாலும் பொறியை இயக்கும்போதும் நிறுத்தும்போதுமே கெட்டன. ஆதலால் அதனை இயன்றவரை அணையாது வைத்திருந்தனர். இன்றைய கணினியிற் குழாய்கள் இல்லை. ஆயினும் சூடேறி விரிந்தும் ஆறிச் சுருங்கியும் வரும் இணைப்பு நாளடைவிற் தளரும் என்பது மாறவில்லை.

நான்காவது, கணினி இயங்கினும் அதன் நடத்தை பிறழ்தல். ஒவ்வொரு நாளும் தேதி பழைய ஆண்டுக்குத் திரும்புமாயின், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ற்று மின்கலம் தீர்ந்தது என்க. சிறு தொகையில் தீரும் இப்பிணியை மென்பொருட் கோளாறு என்று எண்ணி முழுக் கணினியையும் அழித்து எழுதுவோரும் உளர். பலகையின் மேல் நிற்கும் உருளை வடிவக் கொள்ளளவிகளின் தலை வீங்கியிருந்தாலோ பழுப்பு நீர் கசிந்திருந்தாலோ, அவை முடிந்துவிட்டன என்பதற்குக் கண்கண்ட சான்று அதுவே. 2000 ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் உலகெங்கும் எண்ணற்ற பலகைகள், கொள்ளளவிகளில் இட்ட மின்பகு திரவத்தின் குறைபாட்டால் இவ்வாறே கெட்டன.

இவை எந்நாட்டுக்கும் பொது. குடாநாட்டுக்கென்று சில தனிப் பகைகள் உண்டு. இங்கு எந்த வீடும் கடலிலிருந்தோ கடனீரேரியிலிருந்தோ வெகுதூரத்தில் இல்லை. உப்புக் கலந்த ஈரக் காற்று நினைவகத் துண்டின் தொடுமுனைகளிலும் செருகிடங்களிலும் படிந்து அரிக்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களிற் செம்மண் தூசு யன்னல் வழியே வந்து விசிறியிற் படியும். ஒக்ரோபர், நவம்பர் மாதங்களில் இடியும் மின்னலும் மிகும். அப்போது மின்செருகியை மட்டுமன்றி, இணையத்துக்கு வரும் கம்பியையும் கழற்றிவிடல் வேண்டும், ஏனெனில் மின்னல் அவ்வழியாகவும் நுழையும். சுண்ணக்கற் பாறையின்மேல் மெல்லிய மண் படிந்த இந்நிலம் கோடையிற் காய்ந்துவிடும்போது மின்னை எளிதிற் கடத்தாது. ஆதலால் மழைக்காலத்தில் நன்றாக இருந்த புவித்தொடுப்பு கோடையிற் பயனற்றுப் போதல் கூடும். பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது விரலில் மெல்லிய அதிர்வு தோன்றினால், மின்வினைஞரை அழைத்துப் புவித்தொடுப்பைச் சோதிப்பித்தல் வேண்டும். இது உயிரோடு தொடர்புடைய காரியம்.

உயிரினங்களாலும் இடர் உண்டு. 1947 செப்ரெம்பர் 9 ஆம் நாள் ஆர்வார்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கணினியில் ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டுப் பொறியை நிறுத்தியது. அதனை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டி வைத்தனர். இங்கு எறும்பும் பல்லியும் அதே வேலையைச் செய்கின்றன. பெட்டியின் பின்புறத்தில் வெறுமையாக விட்ட துளைகளை மூடிவைத்தால் அவை நுழையா. 2025 பெப்ரவரி 9 ஆம் நாளோ, பாணந்துறையிலுள்ள மின் துணைநிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தமையால் இலங்கை முழுவதும் மின்தடை ஏற்பட்டது. இத்தகைய தடைகளின்போது மின் போவதைவிட அது மீண்டும் வரும் கணமே கணினிக்குக் கூடுதலாக இடர் தருவது. அக்கணத்தில் வோல்ற்றளவு ஏறி இறங்கும். மின் போனவுடன் செருகியைக் கழற்றிவிட்டு, அது மீண்டு நிலைபெற்ற பின் இணைப்பதே காப்பு.

கூறியவற்றை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கோண்டாவிலில் ஒரு மாணவியின் வீடு என்று கொள்வோம். இரவில் இடியோடு கூடிய மழை. காலையிற் கணினியின் விசிறி சுழல்கின்றது, படம் இல்லை. மின்னல் தாய்ப்பலகையை எரித்துவிட்டது என்கின்றார் தமையனார். மின்வலு வழங்கியே போயிற்று என்கின்றார் அயல்வீட்டவர். இரண்டும் ஊகங்கள். அவள் முதலில் வடங்களைப் பார்க்கின்றாள், குற்றமில்லை. பலகையில் நினைவகத்துக்குரிய விளக்கு அணையாது நிற்கின்றது. இரு துண்டுகள், இரு செருகிடங்கள். ஆகவே சோதனை நான்கு. முதல் துண்டை முதற் செருகிடத்தில் இட்டால் இயங்குகின்றது. இரண்டாம் துண்டை அதே இடத்தில் இட்டாலும் இயங்குகின்றது. இரண்டாம் செருகிடத்தில் எதை இட்டாலும் இயங்கவில்லை. பழுது துண்டைத் தொடர்ந்து சென்றிருந்தாற் குற்றம் துண்டினது. அது ஓரிடத்திலேயே நின்றமையாற் குற்றம் செருகிடத்தினது. விளக்கைப் பிடித்து உள்ளே நோக்கினால், தூசும் உப்புப் பூத்த ஈரமும். மென்தூரிகையால் துடைத்து, துண்டின் தொடுமுனைகளை அற்ககோலில் நனைத்த துணியால் ஒற்றித் துடைத்து, நன்கு உலரவிட்டுச் செருகியதும் திரை ஒளிர்கின்றது. மின்னல் குற்றமற்றது, அது அதே இரவில் வந்தமை ஒன்றே அதன்மேற் பழி விழக் காரணம். அவளுக்குச் செலவானது ஒரு காலைப்பொழுது. ஊகத்தை நம்பியிருந்தாலோ ஒரு தாய்ப்பலகையின் விலை போயிருக்கும், புதிய பலகை வந்த பின்னரே உண்மை தெரிந்திருக்கும்.

இறுதியாக ஒன்று. மேற்கூறிய உறுப்புக்கள் யாவும் பணம் கொடுத்தால் மீண்டும் கிடைப்பன. வன்தட்டில் எழுதப்பட்டவையோ அவ்வாறல்ல. தட்டிலிருந்து வழக்கமில்லாத கடகட ஒலி கேட்டாற் பிணி தேடுவதை அக்கணமே நிறுத்தல் வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்த்தலே அதனைக் கொல்லும். இன்றியமையாதவற்றை முதலில் வேறிடத்துக்குப் படியெடுத்து, அதன் பின்னரே சோதனையைத் தொடர்தல் தகும். எஸ்.எஸ்.டி. அந்த ஒலியைக்கூட எழுப்பாது, முன்னறிவிப்பின்றியே மௌனமாகலாம். ஆகவே படி எடுத்து வைத்தற்குரிய காலம், கணினி நலமாக இருக்கும் காலமே.

ஒரே படியாக இருந்த பொருள் அழிந்தால் என்ன நேரும் என்பதை யாழ்ப்பாணத்துக்கு எவரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் தீயிடப்பட்ட பொது நூலகத்தில் 97,000 க்கு மேற்பட்ட நூல்கள் எரிந்தன. வேறெங்கும் படியுள்ளவற்றை மீண்டும் பெற முடிந்தது. படியில்லாத ஏடுகள் போயே போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் படியெடுத்து வைத்து வருகின்றது. ஒரு மாணவியின் ஆய்வுக் கட்டுரையும், ஒரு வீட்டாரின் திருமணப் படங்களும் அந்த ஏடுகளுக்கு அளவாற் சிறியவை. ஆயினும் அவ்வீட்டாருக்கு அவையும் வேறெங்கும் இல்லாதவையே. மின்னின் வழியே சென்று, ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றி, கண்டதை எழுதிவைத்துத் தேடுபவனுக்குப் பெரும்பாலான பிணிகள் புலப்பட்டுவிடும். புலப்படாத அந்தச் சிலவற்றுக்கு முன்னால், வேறோர் இடத்தில் இருக்கும் ஒரு படியே அவனுக்கு உறுதுணை.